நானூறு வருஷத்து எருமைக்கல்

கொழிஞ்சாம்பாறை
20-8-1974, செவ்வாய்

மதிப்புக்குரிய மச்சான் சின்னையன் அவர்களுக்கு, அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது.

நேற்று மாலை நாலரை மணிக்குத் தாலுகா ஆபீஸ் பியூன் நேரில் வந்து சொன்ன செய்தி: அரசு பாதுகாக்க வேண்டிய பழைய இடங்களின் பட்டியலில் எங்கள் மாட்டுக்கொட்டகை முதலாவதாக ஏறியிருக்கிறது. இனி அதில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாதாம். எங்கள் மகள் வள்ளியாத்தாளுக்கும் உங்கள் மகனுக்கும் நடக்கும் கல்யாணப் பந்தலுக்காக அதை இடிப்பதாக உங்களிடம் வாக்குக் கொடுத்தவன் நான். பெண் வீட்டில் பந்தல் இல்லாவிட்டால் இந்த ஆவணியில் கல்யாணமே இல்லை என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. மற்றபடி இங்கே நாங்களும் எருமையும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். பட்டியல் போட வந்த அதிகாரி முதலில் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் களத்துக்குப் போய், அங்கே நட்டிருக்கும் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, முந்நூறு வருஷம் என்று எழுதிக்கொண்டார். குப்பண்ணன் அன்றைக்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரை இரண்டு சுற்று வந்தார். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியலைங்க. அதிகாரியை நானே கையோடு கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். எருமை கட்ட எங்கப்பா பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்து நட்ட கல் அங்கே நிற்கிறது. பட்டிப் பொங்கலுக்குப் பட்டிப் பொங்கல் மாட்டோடு சேர்த்து அதற்கும் எண்ணெய், மஞ்சள், குங்குமம் பூசிப் பூசி ஒரு விரல் கனத்துக்கு ஏறிக் கிடக்கிறது. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, எத்தனை காலம் என்று கேட்டார். குப்பண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாருங்க. நானூறு என்று சொல்லிப்போட்டேன்.

ஆகவே ஆவணி இருபத்து மூன்றாம் தேதிக் கல்யாணத்தை உங்கள் வாசலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இடம் போதாததால் உங்கள் கிழக்குச் சுவரை இடித்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் உங்கள் தங்கை நாச்சம்மாள், "பந்தலை மாப்பிள்ளை ஊட்டுக்குத் தள்ளியாச்சு. தாலிய அந்தக் கல்லுக்கே கட்டிப் போடுங்க, நானூறு வருசமா கன்னியா நிக்குது" என்றாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. உங்கள் எல்லோருக்கும் மாரியாத்தா காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பின்குறிப்பு, வியாழன் காலை: இன்லண்டு லெட்டரை வீணாக்க மனமில்லாமல் இதிலேயே எழுதுகிறேன். நேற்று அளக்க வந்த அதிகாரியின் டேப்பைக் கண்டு மிரண்ட எருமை, கல்லைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மண்ணுக்குள் இருந்த பாகத்தில் 'பொள்ளாச்சி 11 மைல்' என்று வெட்டியிருக்கிறது. அதிகாரி எங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். கொட்டகையை இன்றே இடிக்கிறோம். பந்தல் இங்கேதான், உங்கள் சுவரைத் தொட வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குப்பண்ணன் களத்துக் கல்லைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். ரோட்டில் பன்னிரண்டாவது மைல் கல்லும் இல்லை; காலையில் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.