தானே திருந்திய பெட்டிகள்

மூன்றாம் ஷெட்டில் லேபிள் அச்சாகவில்லை என்று போன் வந்தபோது, ஜெகதீஷுக்கு உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது. அந்த ஓசூர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டிகள் முப்பத்தெட்டு. ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டுமானாலும் லேப்டாப்பும் கேபிளுமாக ஷெட் ஷெட்டாக மூன்று நாள் அலைய வேண்டும். அந்தப் பிழைப்பே வேண்டாமென்று, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போடும் புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தான். உத்தரவு நிரந்தரமாகப் பதிய இன்னொரு வரி வேண்டும்; இல்லாவிட்டால் பெட்டியை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிடும். அதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

"இது ஓடினா இன்னிக்கே உனக்கு பர்மனென்ட் ஆர்டர்," என்றார் மேனேஜர் சென்னகிருஷ்ணன். "ஓடலேன்னா ட்ரெய்னிங்கோட சரி. நாளைக்கு பூஜை லீவு. லோடு இன்னிக்கே போயாகணும்."

ஜெகதீஷ் என்டரைத் தட்டினான். நாலே விநாடி. முப்பத்தெட்டுப் பெட்டியும் கீழ்ப்படிந்துவிட்டதாகத் திரை சொன்னது. இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

போன் அடித்தது. லேபிள் வரவில்லை. கூடவே முதல் இரண்டு ஷெட்டும் போயிருந்தன.

"ஒரு நம்பர் தப்பு சார்."

திருத்தித் தட்டினான். ஸ்டோரும் டிஸ்பாட்சும் படுத்தன. பதறிப்போய் மறுபடி தட்டினான். இந்த முறை அவன் கம்ப்யூட்டரிலிருந்தே எந்தப் பெட்டியையும் எட்ட முடியவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"நேர்ல போய்த்தான் சரி பண்ணணும் சார்."

"எத்தனை நாளாகும்?"

"மூணு."

சென்னகிருஷ்ணன் கையெழுத்துக்காக மேசைமேல் வைத்திருந்த ஆர்டரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். பாவம், ஜெகதீஷ் கேபிளைத் தேடி எழுந்தான்.

அப்போது மறுபடி போன். முதல் ஷெட் வந்துவிட்டதாம். பத்து நிமிஷத்தில் இரண்டாவது. பிறகு மூன்றாவது, அதுவும் லேபிளோடு. ஸ்டோர், டிஸ்பாட்ச் என்று வரிசையாக உயிர் வந்தது. ஜெகதீஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் எதையும் தொடவே இல்லை.

"தப்பைத் தானே கண்டுபுடிச்சு, தானே திருத்திக்குதாப்பா?" என்றார் மேனேஜர்.

"அப்படித்தான் தெரியுது சார்," என்றான், தான் எழுதியதைத் தானே கும்பிட்டுவிடுவான் போல.

ஆர்டர் வெளியே வந்தது. சென்னகிருஷ்ணன் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், ஷெட்டுகளைத் துப்புரவு செய்யும் மாரம்மா.

"ஆயுத பூஜைக்கு முப்பத்தெட்டுப் பெட்டியவும் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணித் தொடச்சு, பொட்டு வெச்சு, மறுபடியும் போட்டுட்டேன் சார், இந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணுதான் பாக்கி."