நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஊராரின் கருத்து

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். கடையில் கண் பார்க்கும் நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் ஆட்டம் கண்டிருக்கிறது, அந்தக் கதை கீழே வருகிறது. அங்கே நீயும், குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்க நீ காதில் ஒட்டவைத்துக்கொண்டு ஊராரின் குழாய்ப் புகார் கேட்கும் அந்தத் தொலைபேசியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான்கு முறை உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் நீ "சொல்லுண்ணா" என்றதும், "அங்க மழை உண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

நீ ஒரு நாவல் எழுதியிருப்பதாகவும், சின்ன ஊரில் நடக்கும் சிரிப்பான காதல் கதை என்றும், பதிப்பகத்திலிருந்து நேராக என் கடைக்கே தபாலில் வரும் என்றும் சொன்னாய். புனைபெயர் என்ன, புத்தகத்தின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, வெட்கமாக இருக்கிறது, வந்ததும் பார்த்துக்கொள் என்றாய். "படிச்சவங்க என்ன சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம எழுதுண்ணா. ஆபீஸ்ல எல்லாரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னே சொல்றாங்க, ஒண்ணும் புரியல. உன் லெட்டரைப் பார்த்துத்தான் அடுத்தது எழுதறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்" என்றும் சொன்னாய். இவ்வளவு பெரிய பொறுப்பை மூக்குக் கண்ணாடி விற்கிறவனிடம் கொடுத்தது உன் தப்பு. என்னிடம் கேட்டிருக்கிறாய், ஆகவே உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

பார்சல் ஒரு திங்கட்கிழமை வந்தது. அதைப் பிரித்து மேசை மேல் வைத்துவிட்டு டீயை எடுத்தேன், டீ கைதவறிப் பக்கத்தில் இருந்த அட்டையில் கொட்டியது. எந்த அட்டை என்றால், கிட்டப் பார்வை எப்படி என்று சோதிக்கப் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை படிக்கச் சொல்வோமே, அது. புது அட்டை வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியிலோ ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி மாட்டும் சட்டத்தை மூக்கில் சுமந்தபடி உட்கார்ந்திருக்கிறார். கைக்கு எட்டியது உன் புத்தகம்தான். பிரித்த இடத்தில் நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. "இதைப் படிங்க சார்" என்று நீட்டினேன். கேக் கடை நடத்தும் பெண்ணின் மின்சார அடுப்பைப் பழுது பார்க்கத் தினமும் வருகிறானே அந்த மோட்டார் மெக்கானிக், அவனிடம் அவள் கேட்கிற இடம். அளவையர் கணீரென்று படித்தார்: "அடுப்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் தினமும் வர்றீங்க என்றாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்."

அத்தோடு பக்கம் முடிந்தது.

"எழுத்து தெளிவா தெரியுதா சார்?"

"தெரியுது. என்ன சொன்னான்?"

"யாரு?"

"வாயைத் திறந்தானே, அவன்."

"எனக்குத் தெரியாது சார், இது கண் டெஸ்ட்டு."

"டெஸ்ட்டு கிடக்கட்டும்யா, பக்கத்தைத் திருப்பு."

திருப்பவில்லை, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அன்று தொடங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் அதே பக்கத்தையே காட்டினேன், எல்லோரும் அதே கேள்வியையே கேட்டார்கள். நான்காம் நாள் தையற்கடை அம்மா வந்தார். எந்தச் சில்லைப் போட்டாலும் தடங்கல் இல்லாமல் படித்தார், எடுத்தாலும் படித்தார். பார்வை பிரமாதம் என்று லேசான பவரில் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார், இரண்டு கையும் இடது பக்கமே இருந்தன. விசாரித்ததில், அவர் கண்ணுக்கு எழுத்து ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை, ஊரில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அந்தப் பக்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. "நீங்க தினமும் ஒரே பாடத்தை வெச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்று என்னையே கேட்டார். நியாயம்தானே. அதனால் அடுத்த நாளிலிருந்து தினம் ஒரு பக்கம் மாற்றினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அப்போதுதான்.

கண் நன்றாக இருக்கிறவர்களெல்லாம் கண் மங்குகிறது என்று வந்தார்கள். போன வாரம் கண்ணாடி வாங்கியவர் இந்த வாரம் சந்தேகம் என்று வந்தார். பெண் கண்டக்டர் ஒருவர், வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடிவந்து அன்றைய பக்கத்தைப் படித்துவிட்டு ஓடுவார். ஒருநாள் அவர் வரும்போது நில அளவையர் நாற்காலியில் இருந்தார், எழுந்திருக்க மறுத்தார். "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட், எனக்கு டியூட்டி, எந்திரிங்க சார்" என்று அந்த அம்மா நாற்காலியை இழுக்க, அவர் கைப்பிடியை இறுக்க, கால் ஆடியது அன்றுதான். பேருந்து ஏழு நிமிஷம் தாமதம். பயணிகள் யாரும் புகார் கொடுக்கவில்லை, அந்த அம்மா படியில் ஏறியதும் அன்றைய பக்கத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம்.

இனி நீ கேட்ட கருத்துகள். நில அளவையர் சொல்வது: மூன்றாம் அத்தியாயத்தில் கேக் கடையிலிருந்து பாலத்துக்கு ஐந்து நிமிஷ நடை, ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே வழி அரை மணி நேரம் ஆகிறது. அவர் உன் ஊருக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். அதன்படி தபால் நிலையம் ஆற்றுக்குள் நிற்கிறது. "ஒண்ணு பாலத்தை நகர்த்தணும், இல்ல அந்தப் பொண்ணு மெதுவா நடந்திருக்கணும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அன்னிக்கு அவன் கூட நடந்தான் இல்ல? அப்ப அரை மணி நேரம் ஆகும்" என்று வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அம்மாவின் கருத்து கதாநாயகனைப் பற்றியது: "ஏறுறதுன்னா ஏறணும், இறங்குறதுன்னா இறங்கணும். எட்டு அத்தியாயமா படியிலயே நின்னா பின்னாடி வர்றவங்க என்ன பண்றது?" தையற்கடை அம்மாவுக்குக் கதாநாயகி ஏழு கேக் சுடுகிறாள், ஒரு பாத்திரமாவது யாராவது கழுவினார்களா என்பதே கவலை.

பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் புத்தகத்தையே இரண்டு நாள் வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில். இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது, இந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே என்று பக்கத்துக்குப் பக்கம் உன்னை வெளுத்திருந்தார். ஆனால் நூற்றிருபதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை. "அதுக்கப்புறம் பிழையே இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன். "நிறைய இருக்கு. நின்னு பார்க்க நேரமில்ல" என்றார். இருபத்தெட்டு வருஷம் தாள் திருத்திய கை அது. இதைவிடப் பெரிய பாராட்டு உனக்கு எங்கிருந்தும் வராது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை எழுதியது ஊர்க்கதை. இனி எழுதப்போவது வீட்டுக்கதை, நீ இதை யாரிடமும் சொல்லாதே. உன் அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தை எடுத்தவள், சாயங்காலம்தான் கீழே வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அல்லவா, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இவன் எப்போது தப்புச் செய்வான் என்று பார்க்கும் பார்வை ஒன்று அவளிடம் உண்டு.

"உங்க தங்கச்சி உங்களைத்தான் எழுதியிருக்கா."

"நான் மோட்டார் மெக்கானிக் இல்லையே."

"தொழிலை மாத்திட்டா. திருப்புளியைக் கீழ வெக்கிறது, பார்க்கிறது, வாயைத் திறக்கிறது, அப்புறம் 'வயர் லூசா இருந்துச்சு'ங்கிறது. அச்சு அசல் நீங்கதான். அவனாவது இருநூத்திப் பதினோராவது பக்கத்துல சொல்லிட்டான். நமக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். உங்களுக்கு எத்தனாவது பக்கம்?"

நான் வாயைத் திறந்தேன். "சாப்பாடு ஆயிடுச்சா" என்றுதான் வந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அடுத்த மூன்று நாள் வீட்டில் அவள் பேசியதெல்லாம் "சாவி அங்க இருக்கு", "கதவைச் சாத்துங்க" என்கிற மாதிரிதான். ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துச் சொல்கிறவன் நான். என் வீட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவள் இருபத்தாறு வருஷமாக எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. 

வியாழக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மைதானத்துக்குப் போனேன். காரை ஓட்டுகிறவரின் இருக்கை காலியாக இருந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன வேணும்?" என்றாள்.

"கத்துக்கலாம்னு."

"கிளட்ச்சை மிதிங்க. மெதுவா விடுங்க."

மிதித்தேன், விடவில்லை.  

"கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே இருந்தா வண்டி எப்படிங்க நகரும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது, அந்தக் குலுக்கலில் வாயும் திறந்துகொண்டது. "தினமும் நூறு பேர்கிட்ட இப்ப தெளிவா தெரியுதான்னு கேட்கிறேன். உன்கிட்ட மட்டும் நான் கேட்டதில்ல. எனக்கு நீ எப்பவுமே தெளிவாத்தான் தெரிஞ்சே. அதை நீ தெரிஞ்சுக்கிட்டியான்னு கேட்காம விட்டுட்டேன். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது" என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது புக்குல படிச்சதா?"

"இல்ல. நானா யோசிச்சது."

"அதான் இப்படி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க." அப்போதுதான் பின் இருக்கையில் இரண்டு பேர் முறைக்காகக் காத்திருப்பதைக் கவனித்தேன். அவர்களில் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, அன்று மாலைக்குள் கண்டக்டர் அம்மாவுக்கே செய்தி போய்விட்டது. மறுநாள் அவர் கடைவாசலில் நின்று, "ஒருவழியா ஏறிட்டீங்க போல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் நாலு முறை போன் செய்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு, நம் சித்தப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ பையிலிருந்து நாலு தாளை எடுத்து, கதை எழுத ஆரம்பித்திருக்கிறேன், முதல் பக்கம் படிக்கட்டுமா என்று கேட்டாய். "மருந்துச் சீட்டையே எவனும் படிக்கிறதில்ல, உன் கதையை எவன் படிப்பான்?" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாய், ஜிப்பை இழுத்தாய், அது பாதியில் சிக்கிக்கொண்டது, நீ குனிந்து வெகுநேரம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தாய். அது ஜிப்பு சிக்கியதால் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், மழை உண்டா என்று கேட்டேன். என்னை மன்னித்துவிடு அம்மா. நீ எழுதியதை ஊரே படிக்கிறது. நீ அடுத்ததை எழுது, அதற்கடுத்ததையும் எழுது. உன்னைப் பார்த்து இனி யாராவது சிரித்தால் அவனை என் நாற்காலியில் உட்காரவைத்து எதுவுமே தெரியாத பவரில் கண்ணாடி மாட்டி அனுப்புவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி எழுதினால் விளக்கைப் பின்பக்கம் வைத்துக்கொள், உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். உன் அண்ணி அன்பு சொல்லச் சொன்னாள். என் ஆசியும் ஊரார் அத்தனை பேரின் விசாரிப்பும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா கீழே வந்தார். என் மேசையைப் பார்த்துவிட்டு, "இது என் புக்காச்சே, நான் ஆர்டர் பண்ணினது, ரெண்டு மாசமா தேடறேன்" என்றார். ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு புத்தகப் பார்சல் வந்திருக்கிறது, தபால்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். இந்தக் கேக் கடைக் கதையை எழுதியது யாரோ ஒரு மகராசி. நீ இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்திலிருந்தே, எந்த மெக்கானிக், எந்தப் பாலம் என்று குழம்பிப்போயிருப்பாய். உன் புத்தகம், டாக்டரம்மாவின் உதவியாளர் பிரித்துப் போட்டபடி, இரண்டு மாதமாக மாடியில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்திருக்கிறது. உள்ளே "அண்ணா, பொறுமையா படி" என்று, பதிப்பகத்தில் நீ கொடுத்து வைக்கச் சொன்ன துண்டுச்சீட்டு உன் கையெழுத்தில் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பல்லைப் பிடுங்கின அப்புறமும் யாரும் வீட்டுக்குப் போறதில்ல. ஒருத்தர் மரத்துப்போன வாயோட சிரிச்சுச் சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டார். எழுதினது யாருன்னு தெரிஞ்சா கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க." நிறுத்தாதே. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். புத்தகம்தான் ஆள் மாறியது, மன்னிப்பு சரியான விலாசத்துக்குத்தான் வருகிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். உன் புத்தகத்தை நான் இன்னும் தொடவில்லை, உன் அண்ணி பிடுங்கிக்கொண்டுவிட்டாள். இப்போது எட்டாம் பக்கத்தில் இருக்கிறாள். அதற்குள் இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.