ராமக்காளுக்கு நாலு செல்லோ

கேட்டைத் திறந்தால் எதிர்வீட்டுத் தவசி மாலையோடு நிற்கிறார்.

"உசுரு எப்பம்மா போச்சு?"

தாமரைச்செல்வி விழித்தாள். உள்ளே நான்கு செல்லோக்கள் ஒன்றாக இழுத்தன. ஆளுயர வயலின் போன்ற அந்த வாத்தியங்களுக்காகத்தான், சத்தமில்லாத இடம் என்று சமயநல்லூரில் இந்த வீட்டைப் பிடித்திருந்தாள். ஒரு நாவலில் ராமக்காள் என்பவள் சாகும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, தாமரைச்செல்வி அடித்து அடித்துத் திருத்தி எழுதிய இசை. பதிவு இன்று மாலை ஆறு மணிக்குள் சென்னை இசைவிழாத் தேர்வுக்குழுவுக்குப் போயாக வேண்டும். போன தடவை, "கணக்கெல்லாம் சுத்தம், கண்தான் கலங்கவில்லை" என்று திருப்பியிருந்தார்கள்.

"இது சாவு, துட்டி எதுவும் இல்லண்ணே. பாட்டு."

"பாட்டா? ஈரக்கொலையப் புடிச்சு இழுக்குதேம்மா!" தவசி கண்ணைத் துடைத்தார்.

அவளுக்குப் புல்லரித்தது. கலங்கிவிட்டதே! ஆனால் இந்தப் பேச்சும் பதிவில் விழுமே.

"ஹரி! சன்னலச் சாத்து, ஃபேன நிறுத்து! ரெக்கார்டு ஓடட்டும், நீங்க பாட்டுக்கு வாசிங்க. வாசல நான் பாத்துக்கிறேன்" என்று வாசிப்பவர்களில் மூத்தவனான ஹரிஷங்கருக்குக் குரல் கொடுத்தாள்.

சன்னல் சாத்தியதைத் தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"செத்தது யாருன்னு எங்ககிட்டயே மறைக்கிறியா?"

"யாரும் சாகல அத்தை. ராமக்காள்னு கதையில ஒரு..."

"ஆத்தீ! ராமக்கா போயிட்டாளா!"

பாண்டியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த ராமக்கா?" என்றார் தவசி.

"எந்த ராமக்காவா இருந்தா என்ன, அழுங்கண்ணே!"

உள்ளே ஒரு செல்லோ தாழ்ந்து இழுக்க, பெண்கள் அதைப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். யாரோ சாமியானாவுக்குப் போன் போட்டார்கள்.

தடுக்கப் போன தாமரைச்செல்வி அப்படியே நின்றாள். தான் எழுதியதா இது? இதையா நேற்றுக்கூடக் கிழித்துப் போடப் பார்த்தாள்? அவளுக்கும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

மணி ஆறாகப் போகிறது. உள்ளே ஓடினாள். பதிவை ஒப்பாரியோடு அப்படியே அனுப்பினாள்.

"தெருவே அழுவுதுடா! அந்தக் கடைசி இழுப்பு இருக்கே... எப்படிடா வாசிச்சீங்க?"

வேர்வையில் குளித்திருந்த ஹரிஷங்கர் வில்லைக் கீழே வைத்தான்.

"புழுக்கத்துல தந்தி இறங்கிக்கிட்டே இருக்குக்கா. இம்புட்டு நேரமும் சுதிதான் சேத்துக்கிட்டு இருக்கோம், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."