தேத்தண்ணி குடித்த சுவர்

“வெள்ளை அடிக்கச் சொன்னது யாரு?”

“துரை வந்தா வெள்ளை அடிப்போம்லா. எங்கப்பா காலத்துப் பழக்கம்.”

“வர்றது துரையா? பழைய கட்டடத்தப் பாக்க வர்ற ஆபீஸர் அம்மா! பழசா இருந்தாத்தான் இடிக்காம விடுவாங்களாம். எஸ்டேட் மீட்டிங்குல தூங்குனா இப்படித்தான்!” என்றாள் மேவிஸ்.

அல்போன்சின் கையிலிருந்த பிரஷ் வாளிக்குள் விழுந்தது. ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவில், எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிக்காகக் கட்டிய அந்தப் பழைய வீட்டில்தான் அவரும் மனைவி மேவிசும் கீழே சாப்பாட்டுக் கடை நடத்தி, மேலே குடியிருந்தார்கள். பக்கத்தில் கீழே கடை, மேலே வீடு என்று புதுவரிசை எழும்பியிருந்தது. பழமை தெரியாத எதையும் இடித்துவிடுவார்கள் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு.

“கழுவிட்டா போச்சு.”

ஹோஸ் பைப்பைத் திருப்பினார். வெள்ளையோடு, பாய் அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து விழுந்தது. அவசரமாகச் சிமெண்டு பூசினார். சுவர் போன வாரம் கட்டியதுபோல் ஆனது.

“முந்தியாவது வெள்ளையா இருந்துச்சு,” என்றாள் மேவிஸ்.

அவர் பார்வை கடை அடுப்பில் கொதித்த தேத்தண்ணியின்மேல் நின்றது.

“வேணாங்க. அது விக்கறதுக்கு.”

வாளி வாளியாய் ஊற்றினார். பழுப்புச் சாயம் வழிந்து வழிந்து, சுவர் நூறு வருட மழையை நினைத்துக்கொண்டு நிற்பதுபோல் தெரிந்தது. மூடுபனிகூட இறங்கிவந்து பார்த்தது. பின்னாலேயே எறும்புகளும் வந்தன.

“சீனி போட்டதையா ஊத்துனீங்க?”

பதில் சொல்வதற்குள் கார் வந்து நின்றது. ஆபீஸர் யுவனேஸ்வரி இறங்கினார். கூடவே, புதுவரிசையைக் கட்டிய கண்டிராக்டர் செல்லையா. யுவனேஸ்வரி சுவரைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

“இது யார் வேலை?”

அல்போன்ஸ் வாளியைக் கீழே வைத்தார். “நான்தாம்மா. என்ன வேணா பேசுங்க. வீட்ட மட்டும் இடிச்சிடாதீங்க. எங்களுக்கு வேற எடம் இல்ல.”

“இடிக்கறதா? நீங்க குடியிருந்து கடை நடத்துறதாலதான் இது அப்படியே இருக்கட்டும்னு போன மாசமே முடிவாயிடுச்சே, அங்கிள்!”

மேவிஸ் படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அல்போன்ஸ் தேத்தண்ணிச் சுவரிலேயே சாய்ந்துகொண்டார்; சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதுவரை சுவரையே வெறித்துக்கொண்டிருந்த செல்லையா மெல்ல அல்போன்ஸ் பக்கம் ஒதுங்கினார்.

“அண்ணே, என்னோட புதுக் கடைங்கதான் பளபளன்னு நின்னு இந்த வீட்டோட ஒட்ட மாட்டேங்குது, அதப் பாக்கத்தான் அம்மா வந்திருக்காங்க... அந்த வாளியத் தூக்கிக்கிட்டு கொஞ்சம் அந்தப் பக்கம் வர்றீங்களா?”