பூட்டு அண்ணே எங்கள் வைஃபையைப் பூட்டிய கதை

எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் பூட்டு அண்ணே பூட்டாமல் விட்டது சுண்ணாம்பு மலையை மட்டும்தான். அதுவும் சங்கிலி எட்டாத காரணத்தால். தபால் பெட்டி, பூச்சட்டி, குப்பைத் தொட்டி எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. கோயிலுக்கு வந்தால் செருப்பு இரண்டையும் சைக்கிள் சங்கிலியால் வேலியோடு பூட்டிவிட்டுத்தான் கும்பிடப் போவார்.

ஓய்வு பெற்ற தொலைபேசி லைன்மேன் அவர்; எங்களுக்குப் பக்கத்து வீடு. மகளுக்குப் பள்ளி இறுதியாண்டு எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியபோது, வீட்டு வைஃபையில் வீடியோ, விளையாட்டு இரண்டையும் அடைக்க அவரைத்தான் கூப்பிட்டேன். மகள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் வீடியோ பாக்கல. நீங்களும் போன்ல ரம்மி ஆடக்கூடாது. சரியாப்பா?"

சாமி படத்தின் முன் சத்தியமே செய்தேன். அவ்வளவு யோக்கியன்.

அண்ணே ரவுட்டரில் கை வைத்தார்.

"எந்த வெப்சைட்டுக்குப் போகணும்னாலும் நெட்டு மொதல்ல டிஎன்எஸ்கிட்ட அட்ரஸ் கேக்கணும் தம்பி. அத மாத்திட்டேன். ஆகாத எடத்துக்கு அட்ரஸ் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரும்லா."

"பாஸ்வேர்டு?"

"அது ஒங்களுக்குத் தெரிஞ்சா பூட்டு எதுக்கு?"

மூன்றாம் நாளே கை அரித்தது. ரம்மி திறக்கவில்லை. கழிவறையில் உட்கார்ந்து முயன்றேன், வாசலில் நின்ற காருக்குள் ஒளிந்து முயன்றேன். கைப்பேசியின் சொந்த டேட்டாவுக்கு மாறினால் இந்தப் பூட்டு செல்லாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசியாறும் நேரத்தில் அண்ணே ஒரு தாளோடு வந்தார். எந்தப் போன் எதைத் திறக்கப் பார்த்தது என்பதையெல்லாம் ரவுட்டர் எழுதி வைத்திருக்கிறதாம். நான் அவசரமாக அவருக்கு ஒரு தட்டில் இட்லி வைத்தேன்.

"பாப்பா போன்ல ஒண்ணுமே இல்ல, கெட்டிக்காரி. ஆனா ரம்மிய யாரோ நாப்பத்து மூணு தடவ..."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யார் போனு, அங்கிள்?"

அண்ணே தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என் போனுதாம்மா. டெஸ்ட் பண்ண ஒங்க வைஃபைல போட்டேன், அப்டியே இருந்துருச்சு."

"இந்த வயசுல ரம்மியாண்ணே?" என்றாள் என் மனைவி. அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்னி கேட்டார்.

அன்றே அந்த ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்தேன். மகள் தேர்வெல்லாம் முடித்து இப்போது காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அண்ணனை மட்டும் எங்கள் வீட்டில் இன்னமும் 'ரம்மி அண்ணே' என்று கேலி செய்கிறார்கள். அவர் சிரித்துக்கொள்வதோடு சரி, ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ, தெரியவில்லை.

கண்ணு, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அது அப்பா போன்.