குடைச் சின்னமும் சலீமின் குரலும்

பொறாமை எதிராளி மேல் வருவதுதான் உலக வழக்கம். தனக்காக ஊரெல்லாம் தொண்டை கிழிய ஓட்டுக் கேட்டவன் மேலேயே பொறாமைப்பட்ட வேட்பாளர் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

எண்பதுகளில் பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். கூடவே ‘மெய் மக்கள் கழக’த்தின் நகரச் செயலாளர். (நகரத்தில் கழகமே நான்தான்.) எங்கள் தலைவர் முன்பு ஒரு பெரிய கட்சியில் இருந்தவர். மாநாட்டு போஸ்டரில் தன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து இந்தக் கட்சியை ஆரம்பித்தார். எங்கள் முதல் போஸ்டரில் அவர் முகம் போக மிச்சமிருந்த ஓரத்தில்தான் கட்சியின் பெயர் ஒண்டிக்கொண்டிருந்தது. முதல் சட்டமன்றத் தேர்தலில் டெபாசிட் போனது. அடுத்ததில் ஓட்டும் குறைந்தது. “குறைஞ்சாலும் கொள்கை ஓட்டுய்யா” என்றார் தலைவர். நான் அதை நம்பினேன்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நின்றேன். சின்னம் குடை. பிரச்சாரத்துக்கு ஒரு ஆட்டோவும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் பிடித்தேன். மைக்கில் பேச சலீமை அமர்த்தினேன். டூரிங் டாக்கீஸில் புதுப்படம் வந்தால் தெருத்தெருவாக அறிவிப்பு செய்கிறவன். அந்தக் குரலுக்கு எருமைகூட நின்று திரும்பிப் பார்க்கும்.

“தாய்மாரே! வெயில்ல உன் தலை காயுது, மழையில உன் புள்ள நனையுது. கட்சி ஆயிரம் கீது, காப்பாத்த குடை ஒண்ணுதான் கீது!”

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. கையில் மாவோடு, தலையில் சீயக்காயோடு பெண்கள் ஓடி வந்தார்கள். சலீமுக்கு மோர் வந்தது. நான் கைகூப்பியபடி பக்கத்தில் நின்றேன். ஒரு அம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்து என்னைப் பார்த்து, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வேட்பாளர் முகம் மறையுது” என்றாள்.

தள்ளி நின்றேன். (வேறென்ன செய்வது? ஓட்டாச்சே!)

வீட்டில் என் மனைவி கோமதி, “அந்தத் தம்பி பேசறதைக் கேட்டா எனக்கே குடைக்குப் போடணும்போல இருக்குங்க” என்றாள்.

“இல்லாட்டி போட மாட்டியா?”

“ரசம் பொங்குது” என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாத்ரூமில் சொம்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, “தாய்மாரே!” என்று சலீம் பாணியில் பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, வழுக்கி விழுந்துவிட்டேனா என்று விசாரித்தார்.

பிரச்சாரத்தின் கடைசி நாள், பஸ் ஸ்டாண்டு அருகே கூட்டம். தலைவரே அம்பாசிடரில் வந்து இறங்கினார். சலீம் முழங்கிக்கொண்டிருந்தான், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். தலைவர் கண் கலங்க நேரே போய், எனக்கென்று கொண்டுவந்த பொன்னாடையை சலீமுக்குப் போர்த்தி, “இப்படி ஒரு வேட்பாளர் கிடைக்க இந்த வார்டு கொடுத்து வெச்சிருக்கணும்!” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

சலீம் தோளைப் பிடித்து ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏண்டா, வேட்பாளர் நானா நீயா?”

“அண்ணாத்தே, நான் இன்னா பண்ணேன்? அவரா வந்து போத்திட்டாரு…”

“அவருக்குக் கண்ணாடி போட்டும் கண்ணு தெரியாது! போஸ்டர்ல தன் மூஞ்சியைத் தவிர வேற எவன் மூஞ்சியைப் பார்த்திருக்கார்?”

“அண்ணாத்தே, மைக்கு…”

“மைக்குதான்டா உனக்கு! அதை வெச்சுத்தானே மயக்குறே? இந்த வார்டு ஜனங்களுக்கு மூளை இருந்தா உன் பின்னாடி வருமா? எவனாவது கத்தினா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற கூட்டம்! என் பொண்டாட்டியே உனக்காகத்தான்டா குடைக்குப் போடப் போறா!”

அப்போதுதான் கவனித்தேன், பஸ் ஸ்டாண்டே நிசப்தமாக இருந்தது. சலீம் கையில் மைக். ஆட்டோவில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கடைசி வாக்கியம் இரண்டு குழாய் வழியாகவும் பெங்களூர் ரோடு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “சார், கொஞ்சம் கிட்ட வெச்சுப் பேசுங்க, பின்னால கேக்கல!”

தலைவர் விடுவிடுவென்று போய்க் காரில் ஏறினார். முன்வரிசையில் இருந்த கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால், சிரிப்பு.

டெபாசிட் போனது. அதுகூடப் பரவாயில்லை. எண்ணும்போது செல்லாத ஓட்டுகளை ஒரு அதிகாரி என்னிடம் காட்டினார். சீட்டுக்குச் சீட்டு, குடைக்குப் பக்கத்தில் பேனாவால் ‘சலீம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் குவியல் எனக்கு விழுந்த ஓட்டைவிடப் பெரியது. அதைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே வயிறு எரிந்தது.

தலைவர் கொஞ்ச காலத்தில் பழைய கட்சிக்கே திரும்பினார். (போஸ்டரில் அரைப்பக்கம் தருவதாகச் சொன்னார்களாம்.) தொண்ணூறுகளில் அதே வார்டில் சலீம் வேறொரு கட்சி சார்பில் நின்று ஜெயித்தான். வெற்றி ஊர்வலத்தை என் வீட்டு வாசலில் நிறுத்தி, “எல்லாம் நீ குடுத்த மைக்கு அண்ணாத்தே” என்று மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். மனுஷன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் எப்படித்தான் பொறாமைப்படுவது?

எப்படியோ பட்டேன்.

என் மகள் கல்யாண வரவேற்பில் நன்றி சொல்லலாமென்று மைக்கை எடுத்தேன். மணமேடையிலிருந்த மகளும், கீழே உட்கார்ந்திருந்த கோமதியும், சம்பந்தியும்கூட ஒரே நேரத்தில் அலறினார்கள்: “ஆஃப் பண்ணுங்க!” கோமதி வந்து மைக்கை வாங்கி, வரவேற்புக்கு வந்திருந்த சலீமிடம் கொடுத்தாள். அவன் என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பாராட்டு எனக்குத்தான். கைதட்டல் யாருக்கு என்று இன்றுவரை வீட்டில் யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.