ஆராய்ந்து குளிக்கிறவர்கள்

கடைக்குப் போனோம், பார்த்தோம், வாங்கினோம், வந்தோம் என்று வாழ்கிற மனிதர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்குக் குளித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். ஒரு சோப்புப் பெட்டி வாங்குவதென்றாலும் நான்கு பேரைக் கேட்டு, நால்வரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகப்பட்டு ஐந்தாமவரைத் தேடிப் போய், அவர் மாற்றிச் சொன்னதும் மறுபடி முதலாமவரிடமே வந்து, கடைசியில் கடைக்காரர் கடையை விற்றுவிட்டு ஊரைவிட்டே போன பிறகு, "நல்லவேளை, அவசரப்படவில்லை" என்று மூச்சு விடுகிற இனம்.

ஜோர்தான் நாட்டின் தலைநகரான எங்கள் அம்மான் நகரத்தில் இவர்கள் ஏராளம். ஆனால் யார் பெயரைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள். என்மேல் நானே வழக்குப் போட முடியாது என்பதால், என்னையே எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் வஸ்ஃபி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். நாலாவது மாடியில் குடியிருப்பு. ஜனவரி மாதம், மலையிலிருந்து இறங்குகிற காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிற ஒரு காலையில், என் மகன் கைஸ் கண்ணில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தான். அவன் கையில் எங்கள் ஷவரின் தலை இருந்தது. கழுத்து சுவரிலேயே தங்கிவிட்டது.

"இன்னைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க, அபூ கைஸ்" என்றாள் என் மனைவி இப்திஹால். பிள்ளை பெயரை வைத்து அப்பாவை அபூ கைஸ் என்றும் அம்மாவை உம் கைஸ் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"எந்த மாதிரி?"

"தண்ணி வர்ற மாதிரி."

இப்படியொரு பதிலை வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாமா? நீங்களே சொல்லுங்கள். கூரையிலிருந்து மழை கொட்டுவதுபோல் ஊற்றுகிற அகலத் தட்டு ஷவர் இருக்கிறது. பாம்புபோல் நெளிகிற குழாயோடு கையில் பிடித்துக்கொள்கிற ஷவர் இருக்கிறது. முதுகு, இடுப்பு, முழங்கால் என்று சுவரிலிருந்தே பீய்ச்சி அடிக்கிற பலகை ஷவர் இருக்கிறது. அதன்முன் நின்றால் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப்போல் தோன்றும். சூட்டைத் தானே அளந்து வைத்துக்கொள்வதும் இருக்கிறது. இதெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற ஊர்க்காரர்களின் கவலை. எங்களுக்கோ வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு அடுத்த வாரம்வரை ஓட்டவேண்டும். அகலத் தட்டு, வாரத்துத் தண்ணீரை இரண்டு குளியலில் குடித்துவிடும். சிக்கன ஷவரோ தோளை நனைத்து முடிப்பதற்குள் கால் விறைத்துவிடும். தொட்டி எங்கள் தலைக்கு நேர் மேலே இருப்பதால் அழுத்தமும் கிடையாது. அழுத்தம்! என் பாடம் ஆயிற்றே! அரையாண்டுத் தேர்வில், "நாலாவது மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு எவ்வகை ஷவர் பொருந்தும்? காரணம் கூறுக" என்று கேட்டுவைத்தேன். "அவர் கீழ்வீட்டுக்குக் குடிபோகலாம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

என் இனத்தாருக்கென்று ஒரு கடை அமையும். எனக்கு அமைந்தது அபூ ஷாஹிரின் கடை. முதல்முறை போனபோது வாசல்வரை வந்து வரவேற்றார். அடுத்தமுறை மரிக்கொழுந்து வாசம் மாதிரி ஏதோ மூலிகை போட்ட தேநீர் கொடுத்தார். அதற்கப்புறம் நானே போய் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

"வாத்தியாரே, இன்னைக்காவது எடுத்துட்டுப் போறீங்களா?"

"இந்தத் தட்டுல ஓட்டை ரொம்பப் பொடிசா இருக்கே. நம்ம ஊர்த் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அடைச்சுக்காதா?"

"அடைச்சா ஊசியால குத்திக்கலாம்."

"அப்போ ஓட்டை பெரிசா உள்ளது?"

"தண்ணி ஜாஸ்தி செலவாகும்."

"பாத்தீங்களா!" என்பேன், ஏதோ அவரை மடக்கிவிட்டதுபோல. அவர் கூரையைப் பார்ப்பார். இன்னும் ஓர் ஆள் கடைக்குள் வந்து, எதையோ சுட்டிக்காட்டி, வாங்கிக்கொண்டு போவார். நாங்கள் இருவரும் அவரைப் பார்ப்போம். அபூ ஷாஹிரின் பார்வையில் நன்றி இருக்கும். என் பார்வையில் இரக்கம் இருக்கும். பாவம், விசாரிக்காமல் வாங்குகிறாரே.

கடையில் ஷவரிலிருந்து தண்ணீர் வராது என்பதுதான் பெரிய குறை. ஆகவே தண்ணீர் வருகிற இடங்களுக்குப் போகத் தொடங்கினேன். சொந்தக்காரர் வீடு, பழைய மாணவர் வீடு, மூன்று ஆண்டுகளாகப் பேசாமலிருந்த மச்சான் வீடு. "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போவேன். தாழ்ப்பாள் போடுவேன். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். உள்ளே மழைச் சத்தம் கேட்கும். மச்சான் மறுபடி பேசாமலாகிவிட்டார்.

வீட்டில் என்ன நடந்தது? கைஸ் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஈரத் தலையோடு வருவான், அவ்வளவுதான். மகள் ரஹஃப் சித்தி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போவாள். இப்திஹால் மட்டும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வாளியில் விளாவி, செம்பால் ஊற்றிக்கொண்டு, பல் கிட்டித்தபடி வெளியே வருவாள்.

"ஐயூப் நபி பொறுமைசாலிதான்" என்றாள் ஒருநாள், ஹீட்டருக்குப் பக்கத்தில் தலையை உலர்த்திக்கொண்டே. "ஆனா ஷவர் வாங்கப் போன புருஷன் அவருக்கு வாய்க்கலை."

"அவசரப்பட்டு வாங்கினா ஆயுசுக்கும் அழணும், உம் கைஸ். இன்னும் ஒரே ஒரு இடம் பாத்துடறேன்."

அந்த ஓர் இடம் ஹைஸமின் வீடு.

ஹைஸம் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார். குவைத்தில் இருக்கும் அவன் அண்ணன் கட்டிக்கொடுத்த வீட்டில், கூரைத் தட்டும் சுவர்ப் பலகையும் சேர்ந்த ஷவர் இருப்பதாக ஆசிரியர் அறையில் அவனே சொல்லியிருக்கிறான். எப்படிப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பா ஹாஜி புர்ஹான் இறந்துபோனார். நெடுநாள் படுக்கையில் இருந்தவர். நல்ல மனிதர். நான் துக்கம் விசாரிக்கத்தான் போனேன். இதை நீங்கள் நம்பவேண்டும். ஷவரின் நினைப்பு தெருமுனையில்தான் வந்தது.

கூடம் நிறைய ஆண்கள். குர்ஆன் ஓதுகிற ஒலி மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஹைஸமைக் கட்டிக்கொண்டேன். அவன் கண் வறண்டு, முகம் கல்லாகியிருந்தது. சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்தேன். மற்றவர்களைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, கை கழுவப் போனேன்.

அது குளியலறையா? ஒரு மணமண்டபம். கையை மட்டும் நீட்டி, ஒரு நொடி வேகத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று கோட்டும் டையுமாகக் கண்ணாடிக் கதவுக்குள் தலையை விட்டேன். மூன்று திருகுகள் இருந்தன. அறிவியல் முறைப்படி நடுவிலிருந்ததைத் திருப்பினேன். கூரை இடிந்து விழுந்தது. பனிக்கட்டித் தண்ணீர்! மூடுவதற்காக அடுத்ததைத் திருப்பியதும் சுவர் என் வயிற்றில் குத்தியது. மூன்றாவதைத் திருப்பியதும் முதுகிலும் குத்தியது. எல்லாவற்றையும் மூடி முடித்தபோது என் ஷூவுக்குள் மீன் வளர்க்கலாம்போல இருந்தது.

வேறு வழி? கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். சொட்டச் சொட்ட நின்றேன். ஓதல் நின்றது. மூலையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு கிழவர் கண்ணைத் திறந்து, ஈரத்தில் நிற்கிற என்னைப் பார்த்து, குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்கிற வாழ்த்தைப் பழக்கதோஷத்தில் உரக்கச் சொன்னார்:

"நயீமன்!"

"அல்லாஹ் உங்களுக்கும் அருளட்டும்" என்றேன் நான். அதுவும் பழக்கதோஷம்.

ஹைஸம் என் முழங்கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனான். அலமாரியைத் திறந்து ஒரு சாம்பல்நிற நீள அங்கியை எடுத்துக் கொடுத்தான். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த, முழங்கை தேய்ந்த அங்கி. "போட்டுக்க. குளிர்ல செத்துத் தொலைஞ்சுடாதே. இன்னொரு துக்கத்தை என்னால தாங்க முடியாது."

போட்டுக்கொண்டு திரும்பினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. கூடத்துக்குக் கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பாவோடது" என்றான். "அவரு உயரம்தான் நீயும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த ஷவரைத் தேடிப் பாத்தியே, எங்கப்பா அதுக்குக் கீழ ஒருநாள்கூட நின்னதில்லை. நிக்க முடியலை. நாற்காலியில உக்கார வெச்சு நான்தான் செம்பால ஊத்துவேன். 'நீளக் குழாயோட கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிப் போடுப்பா'ன்னு கேட்டாரு. அது ஒண்ணுதான் அவரு எங்கிட்ட கேட்டது."

"வாங்கலையா?"

"வயசானவரு தோலு, காகிதம் மாதிரி. எது மெத்துனு விழும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு கடையில விசாரிச்சு வெச்சிருந்தேன். இன்னும் ஒண்ணு பாத்துடலாம்னு..." மூக்கைத் துடைத்தான். "செம்புத் தண்ணி முகத்துல விழும்போதெல்லாம் அவருக்கு மூச்சு முட்டும். 'பரவால்லப்பா, நல்லதா பாத்தே வாங்கு'ம்பாரு."

இறந்துபோன மனிதரின் அங்கிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அழுகிறவன் என் நண்பன். அப்போது என் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்தது: எந்த ரெண்டு கடை? சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். இந்த இனத்தின் வியாதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து நேரே அபூ ஷாஹிர் கடைக்குப் போனேன். அங்கியைப் பார்த்து யாரோ பெரியவர் என்று எழுந்து நின்றவர், முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க கைக்கு எட்டற தூரத்துல எந்த ஷவர் இருக்கு? அதைக் குடுங்க."

"உடம்பு சரியில்லையா வாத்தியாரே?"

"குடுங்க!"

எடுத்தார். கையில் பிடிக்கிற வகை, நீளக் குழாயோடு. பெட்டியைக் கட்டும்போது, மனிதர் கெட்டவரில்லை, வாய் சும்மா இருக்கவில்லை: "நேத்துதான் புதுசா ஒரு மாதிரி வந்திருக்கு, பாக்கறீங்களா?" நான் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்துவிட்டேன். அங்கி தடுக்கிற்று.

வீட்டுக் கதவை இப்திஹால் திறந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு சட்டை இது?"

"ஹாஜி புர்ஹானோடது."

"அவரைத்தானே அடக்கம் பண்ணியாச்சு?"

பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. குளியலறையில் ரஹஃப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு அடியில், சரசரவென்று, சீராக, ஷவர் ஓடுகிற சத்தம்.

"என்னது அது?"

"ஷவர்."

"எப்போ வாங்கினே?"

"நீங்க துக்கத்துக்குக் கிளம்பினதும் கைஸை அழைச்சுட்டுப் போய் வாங்கினேன். குழாய்க்காரர் வந்து மாட்டிட்டுப் போயிட்டாரு."

"யாரைக் கேட்டு?"

"கடைக்காரரைத்தான். 'ஷவர் இருக்கா'ன்னு கேட்டேன். 'இருக்கு'ன்னாரு."

அவ்வளவுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான் கையில் பெட்டியோடு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உங்க உதடு நீலமா இருக்கு. முதல்ல அடுப்படிக்கு வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஹைஸம் சொன்னதை அவளிடம் சொன்னேன். பருப்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அவங்கம்மா இருக்காங்கல்ல? முட்டி வலின்னு சொல்வாங்களே."

அங்கியைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெட்டியையும் கொண்டுபோனேன். ஹைஸம் பிரித்தான். ஷவரைத் தலைகீழாகத் திருப்பினான். ஓட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"நல்லதுதான்... ஆனா இதுலயே இன்னொரு மாதிரி..."

"வாயை மூடு. ஸ்பேனரை எடு."

இயற்பியலும் கணக்கும் சேர்ந்து மாட்டியதால் இணைப்பில் கொஞ்சம் ஒழுகுகிறது. அவன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, தானே பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே காத்திருக்கும் எங்கள் இருவருக்கும் கேட்கும்படி இறைவனிடம் துஆ கேட்டபடியே குளித்தார்கள். ஹைஸம் சுவரில் சாய்ந்து நின்றான். நானும் அவனைப் பார்க்கவில்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை.

ஆக, நான் திருந்திவிட்டேனா? எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி போன மாதம் கெட்டுப்போயிற்று. நீராவி வகை நல்லதா, சாதாரண வகை நல்லதா என்று இருவேறு கருத்துகள் இருக்கின்றன. சுருங்கிய சட்டையோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னை விடுங்கள். நீங்கள் எப்படி? என் மனைவி வாங்கியது தட்டா, கைப்பிடியா, நாலாவது மாடியில் அதற்கு அழுத்தம் எப்படிப் போதுகிறது என்று இவன் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உங்கள் மனசுக்குள் ஓர் அரிப்பு இருக்கிறதா? இருந்தால், ஐயா, அம்மா, கொஞ்சம் எழுந்து போய், உங்கள் வீட்டில் இந்நேரம் யார் செம்பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.